வலைப்பக்கத்தில் வீடியோ, ஆடியோ பிளேயர்களைப் பொருத்துதல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வீடியோவைப் பக்கத்தில் வைத்து, தம் கணினியில் ஓடுவதைப் பார்த்து நிம்மதி அடைந்தவருக்கு, "எனக்குக் கறுப்புக் கட்டம்தான் தெரிகிறது" என்று வேறொருவரிடமிருந்து செய்தி வரும்போதுதான் கீழே உள்ள கேள்விகளில் பெரும்பாலானவை எழுகின்றன. பதில்களுக்குள் போகும் முன் ஒன்றைச் சொல்லிவிடலாம். ஓடுவதும் ஓடாததும் திரையில் தெரியும் பிளேயரைப் பொறுத்த விஷயமாக இருப்பது அரிது. கோப்பு, அதை அனுப்பும் சர்வர், அதைத் திறக்கும் உலாவி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றில்தான் கோளாறு இருக்கும்.

வீடியோவைக் காட்ட, பிளேயர் என்று தனியாக ஏதாவது நிறுவ வேண்டுமா?

வேண்டியதில்லை. ஒரு காலத்தில் வேண்டியிருந்தது. ரியல்பிளேயர், குயிக்டைம், விண்டோஸ் மீடியா பிளேயர் ஆகியவை செருகுநிரல்களாக உலாவிக்குள் உட்கார்ந்திருந்தன. அவற்றுக்குப் பிறகு ஃப்ளாஷ் ஏறத்தாழ எல்லா இடத்தையும் பிடித்துக்கொண்டது. உலாவியே வீடியோவை ஓட்ட வேண்டும் என்ற யோசனையை 2007இல் ஓபரா நிறுவனம் முன்வைத்தது. அதற்கான வீடியோ டேக்கை (பக்கத்தின் நிரலில் எழுதும் குறிச்சொல்லை) உள்ளடக்கிய, வலைப்பக்கங்களை எழுதும் மொழியின் பதிப்பான எச்டிஎம்எல்5, 2014 அக்டோபரில் முறையான தரமாக அறிவிக்கப்பட்டது. 2015 ஜனவரியில் யூடியூப் அதைத் தன் இயல்பான முறையாக்கிக்கொண்டது. ஃப்ளாஷுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31 அன்று முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் ஃப்ளாஷ் பிளேயர் தானே உள்ளடக்கத்தை ஓட்ட மறுத்தது.

ஆகவே இன்று வீடியோ டேக்கில் கோப்பின் முகவரியைக் கொடுத்து, "கன்ட்ரோல்ஸ்" என்ற பண்பைச் சேர்த்தால் போதும். இயக்கு, நிறுத்து, ஒலியளவு, முழுத்திரை ஆகிய பொத்தான்களை உலாவியே வரைந்துவிடும். வீடியோ.ஜேஎஸ், ப்ளையர் போன்ற நூலகங்கள் எல்லா உலாவிகளிலும் ஒரே தோற்றத்தையும் சில கூடுதல் வசதிகளையும் தருகின்றன. ஆனால் அவையும் உள்ளே இதே டேக்கைத்தான் பயன்படுத்துகின்றன. உலாவியால் திறக்க முடியாத கோப்பை எந்த நூலகத்தின் பொத்தானும் திறந்துவிடாது.

என் கோப்பு எம்பி4தான். ஒரு கணினியில் ஓடுகிறது, இன்னொன்றில் ஒலி மட்டும் வருகிறது, படம் வரவில்லை. ஏன்?

எம்பி4 என்பது உள்ளே இருக்கும் வீடியோவின் பெயர் அன்று. அதைச் சுமக்கும் கொள்கலனின் பெயர். அந்தக் கொள்கலனுக்குள் ஒரு வீடியோ தடமும் ஓர் ஒலித் தடமும் இருக்கும். ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கோடெக்கால், அதாவது சுருக்கி விரிக்கும் முறையால், சுருக்கப்பட்டிருக்கும். எம்பி4க்குள் எச்.264 இருக்கலாம், எச்இவிசி எனப்படும் எச்.265 இருக்கலாம், ஏவி1 இருக்கலாம். கொள்கலனைத் திறக்கத் தெரிந்த உலாவிக்கு ஒலித் தடம் புரிந்து வீடியோ தடம் புரியாமல் போனால், நீங்கள் சொல்வது போல ஒலி மட்டும் வரும்.

இந்த அறிகுறிக்கு மிக அடிக்கடி காரணமாக இருப்பது எச்இவிசி. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்த வீடியோவை இந்தக் கோடெக்கில் பதிவு செய்யத் தொடங்கின; சஃபாரி அதை ஓட்டும். மற்ற உலாவிகளில் அது ஓடுமா என்பது அந்தக் கணினியின் வன்பொருளையும் இயங்குதளத்தையும் பொறுத்தது. பதிவேற்றுவதற்கு முன் எச்.264க்கு மாற்றிக்கொள்வதே வழி. கோப்பின் பின்னொட்டை மட்டும் மாற்றிப் பார்ப்பவர்களும் உண்டு. எம்கேவி என்பதை எம்பி4 என்று எழுதுவதால் உள்ளே இருப்பது மாறாது.

அதிகம் பேசப்படாத இன்னொரு காரணமும் இருக்கிறது. கோடெக் எச்.264ஆகவே இருந்தாலும், தொழில்முறைத் தொகுப்பு மென்பொருள்களிலிருந்து வெளிவரும் கோப்புகளில் நிறத் தகவல் 10 பிட் ஆழத்திலோ 4:2:2, 4:4:4 என்ற நிறப் பதிவு முறைகளிலோ இருக்கக்கூடும். வலைக்கு 8 பிட், 4:2:0 என்பதுதான் எங்கும் ஓடக்கூடியது. இதைக் கவனிக்காமல் விட்டவர்கள் "அதே எச்.264தானே" என்று மணிக்கணக்கில் வேறெங்கோ தேடிக்கொண்டிருப்பார்கள்.

கோப்புக்குள் எந்தக் கோடெக் இருக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால் எல்லாம் வரிசையாகத் தெரியும். கட்டளை வரியில் பழகியவர்கள் எஃப்எஃப்எம்பெக் என்ற வீடியோ மாற்றும் மென்பொருள் தொகுப்போடு வரும் எஃப்எஃப்ப்ரோபைப் பயன்படுத்தலாம். விஎல்சி என்ற பிளேயரில் ஓடுகிறது என்பதை மட்டும் சான்றாகக் கொள்ள வேண்டாம். விஎல்சி தனக்கு வேண்டிய டிகோடர்களை (சுருக்கத்தை விரிக்கும் நிரல்களை) தன்னோடு கொண்டுவருகிறது. உலாவியின் பட்டியல் அதைவிட மிகச் சிறியது.

அப்படியானால் எந்த வடிவத்தில் வைப்பது பாதுகாப்பானது?

ஒரே ஒரு கோப்பு வைக்கும் எண்ணம் இருந்தால், எம்பி4 கொள்கலன், எச்.264 வீடியோ, ஏஏசி ஒலி. இதில் தயக்கத்துக்கு இடமே இல்லை.

இந்த விடை எப்போதும் இவ்வளவு எளிதாக இருந்ததில்லை. எச்டிஎம்எல்5 வரைவில் முதலில் ஆக் தியோரா என்ற கட்டற்ற வடிவம் பரிந்துரைக்கப்பட்டிருந்தது; உலாவி நிறுவனங்களுக்குள் உடன்பாடு ஏற்படாததால் 2007 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. அன்று முதல் இன்றுவரை அந்தத் தரம் எந்தக் கோடெக்கையும் கட்டாயமாக்கவில்லை. 2003இல் வெளியான எச்.264 காப்புரிமைக் கட்டணத்துக்கு உட்பட்டது என்பதால் மொசில்லா அதை நெடுநாள் ஏற்கவில்லை. 2010இல் கூகுள் விபி8 கோடெக்கைக் கட்டற்றதாக்கி, வெப்எம் என்ற கொள்கலனோடு வெளியிட்டது. சஃபாரியோ வெப்எம்மைப் பல ஆண்டுகள் ஏற்கவில்லை. எனவே ஒவ்வொரு வீடியோவையும் இரண்டு மூன்று வடிவங்களில் வைப்பது அன்றைய வழக்கமாயிற்று. பின்னர் ஃபயர்ஃபாக்ஸும் இயங்குதளத்தில் உள்ள டிகோடர்களைக் கொண்டு எச்.264ஐ ஓட்டத் தொடங்கியதும் சண்டை தணிந்தது. தியோரா 2024இல் குரோமிலிருந்தும் ஃபயர்ஃபாக்ஸிலிருந்தும் எடுக்கப்பட்டுவிட்டது. உங்கள் பக்கத்தில் பழைய ஆக் வீடியோக்கள் மட்டும் இருந்தால் அவற்றை இப்போதே மாற்றுங்கள்.

புதிய கோடெக்குகளான விபி9, 2018இல் வெளியான ஏவி1 ஆகியவை அதே தரத்தை எச்.264ஐவிடக் குறைந்த அளவில் தருகின்றன. ஆனால் ஏவி1ஐ எல்லாக் கருவிகளும் ஓட்டுவதில்லை. ஆப்பிள் கருவிகளில் அதற்கென வன்பொருள் டிகோடர் உள்ளவற்றில்தான் சஃபாரி அதை ஓட்டுகிறது. ஆகவே ஏவி1 கோப்பை எச்.264 கோப்புக்குத் துணையாக வைக்கலாம். அதன் இடத்தில் வைக்கக் கூடாது.

ஒலி மட்டும் என்றால் எம்பி3 எங்கும் ஓடும். அதன் காப்புரிமை உரிமத் திட்டத்தை 2017 ஏப்ரலில் ஃபிரான்ஹோஃபர் நிறுவனமே முடித்துக்கொண்டது. பேச்சுப் பதிவுகளுக்கு ஓபஸ் மிகச் சிறந்தது என்பது என் கருத்து. குறைந்த பிட்வீதத்திலும் குரல் தெளிவாக இருக்கும். இருந்தாலும் பழைய ஆப்பிள் கருவிகளை மனத்தில் கொண்டு எம்பி3யையோ ஏஏசியையோ உடன் வைப்பது நல்லது.

பல வடிவங்களை வைத்தால் உலாவி தனக்குச் சிறந்ததைத் தேர்ந்தெடுக்குமா?

சிறந்ததைத் தேர்ந்தெடுக்காது, முதலில் ஓடக்கூடியதைத் தேர்ந்தெடுக்கும். வீடியோ டேக்கின் உள்ளே சோர்ஸ் டேக்குகளை அடுக்கினால், உலாவி மேலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, தன்னால் ஓட்ட முடியும் என்று நினைக்கும் முதல் கோப்போடு நின்றுவிடும். எச்.264ஐ முதலில் வைத்து ஏவி1ஐக் கீழே வைத்தால், அந்த ஏவி1 கோப்பை யாருமே பார்க்க மாட்டார்கள். புதிய, சிறிய கோப்பு மேலே. எங்கும் ஓடும் கோப்பு கடைசியில்.

ஒவ்வொரு சோர்ஸிலும் "டைப்" பண்பை எழுதுங்கள். அது இல்லாவிட்டால், ஓடுமா என்று அறிவதற்கே உலாவி கோப்பைக் கொஞ்சம் இறக்கிப் பார்க்க வேண்டியிருக்கும். வெறுமனே வீடியோ/எம்பி4 என்று எழுதினாலும் பாதி பயன்தான், ஏனெனில் கொள்கலனுக்குள் என்ன இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. எச்.264 ஓடும், ஆனால் ஏவி1 ஓடாது என்ற நிலையில் உள்ள உலாவி, ஏவி1 அடங்கிய எம்பி4ஐ நம்பி எடுத்துவிட்டு ஏமாறும். அதனால் அதே பண்பில் "கோடெக்ஸ்" என்ற துணைக் குறிப்பையும் சேர்த்து, வீடியோ கோடெக்கின் குறியீட்டையும் ஒலிக் கோடெக்கின் குறியீட்டையும் எழுத வேண்டும். "கேன்ப்ளேடைப்" என்ற ஜாவாஸ்கிரிப்ட் செயற்கூறும் இதே விவரத்தைத்தான் எதிர்பார்க்கிறது. கொள்கலனை மட்டும் சொல்லிக் கேட்டால் "ஓடலாம்" என்று பொருள்படும் விடையும், கோடெக்கையும் சேர்த்துக் கேட்டால் "அநேகமாக ஓடும்" என்று பொருள்படும் விடையும், ஓடாது என்றால் வெற்றுச் சரமும் கிடைக்கும். "நிச்சயம் ஓடும்" என்ற விடை அதன் அகராதியிலேயே கிடையாது.

வீடியோ ஓடாதவர்களுக்காக டேக்கின் உள்ளே ஒரு செய்தி எழுதியிருந்தேன். அது யாருக்கும் தெரிவதில்லையே?

அந்தச் செய்தி, வீடியோ டேக் என்றால் என்னவென்றே அறியாத பழைய உலாவிகளுக்கு மட்டும் உரியது. டேக்கை அறிந்து, கோப்பை மட்டும் திறக்க முடியாத உலாவி அதைக் காட்டாது. அத்தகையவர்களுக்குச் செய்தி காட்ட வேண்டுமானால், கடைசி சோர்ஸ் டேக்கில் எழும் "எரர்" நிகழ்வைக் கவனித்து, அப்போது பதிவிறக்க இணைப்பைக் காட்டுங்கள். சோர்ஸ் டேக்குகள் இருக்கும்போது ஏற்றத் தவறும் நிகழ்வு அவற்றின் மீதுதான் எழுகிறது. வீடியோ டேக்கில் காத்திருப்பவருக்கு அது வருவதில்லை.

முழுக் கோப்பும் இறங்கிய பிறகுதான் வீடியோ ஓடத் தொடங்குகிறது. இணையம் வேகமாகத்தான் இருக்கிறது.

எம்பி4 கோப்பில் "மூவ்" என்ற ஒரு பகுதி உண்டு. எந்தச் சட்டகம் கோப்பில் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை அது. பதிவு முடிந்த பிறகே அட்டவணையை எழுத முடியும் என்பதால் பல மென்பொருள்கள் அதைக் கோப்பின் கடைசியில் வைத்துவிடுகின்றன. உள்ளடக்கப் பக்கம் கடைசித் தாளில் அச்சிடப்பட்ட புத்தகம் போல, உலாவி கடைசிவரை போய்த்தான் திரும்ப வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் "ஃபாஸ்ட்ஸ்டார்ட்" என்ற விருப்பத்தைக் கொடுத்தால் அட்டவணை முன்னால் நகர்த்தப்படும். வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் இதற்கு "வெப் ஆப்டிமைஸ்டு" என்ற தெரிவு உண்டு. மறுசுருக்கம் எதுவும் வேண்டாம், சில விநாடி வேலைதான்.

சஃபாரியில் மட்டும் ஓடவே இல்லை. கோப்பு எச்.264தான் என்று உறுதி செய்துவிட்டேன்.

சர்வரைப் பாருங்கள். சஃபாரி முதலில் கோப்பின் முதல் இரண்டு பைட்டுகளை மட்டும் கேட்டுப் பார்க்கும். அதற்குச் சர்வர் 206 என்ற நிலைக் குறியீட்டோடு, கேட்ட துண்டை மட்டும் அனுப்ப வேண்டும். 200 என்று சொல்லி முழுக் கோப்பையும் அனுப்பினால் சஃபாரி ஓட்ட மறுத்துவிடும். குரோம் இந்த விஷயத்தில் பொறுத்துப்போகும். ஆனால் அங்கும் பார்ப்பவரால் விரும்பிய இடத்துக்குத் தாவ முடியாமல் போகலாம். அப்பாச்சி, என்ஜின்எக்ஸ் ஆகியவை கோப்புகளை நேரடியாக வழங்கும்போது இதை இயல்பாகவே செய்கின்றன. உள்நுழைவைச் சோதிப்பதற்காகக் கோப்பைப் படித்து அனுப்பும் நிரலை யாராவது சொந்தமாக எழுதியிருக்கும் இடங்களில்தான் இந்தக் கோளாறு பெரும்பாலும் காணப்படும்.

சர்வர் அனுப்பும் உள்ளடக்க வகையையும் அப்படியே சரிபாருங்கள். எம்பி4 கோப்பை வெறும் எழுத்துக் கோப்பு என்று அறிவித்து அனுப்பும் சர்வர்கள் இன்னும் இருக்கின்றன. பக்கம் எச்டிடிபிஎஸ் முகவரியில் இருந்து கோப்பு மட்டும் பழைய எச்டிடிபி முகவரியில் இருந்தால் அதையும் மாற்றிவிடுங்கள்.

பக்கம் திறந்ததும் வீடியோ தானாக ஓட வேண்டும். "ஆட்டோப்ளே" போட்டும் ஓடவில்லை.

ஒலியோடு தானாக ஓடுவதை உலாவிகள் தடுத்துவிட்டன. குரோம் 2018 ஏப்ரலில் இதைக் கொண்டுவந்தது, சஃபாரி அதற்கு முன்பே. நியாயமான முடிவு என்றே நான் நினைக்கிறேன். "ம்யூட்டட்" பண்பையும் சேர்த்தால் ஒலியின்றி ஓடும். ஐபோனில் வீடியோ முழுத்திரைக்குத் தாவாமல் பக்கத்துக்குள்ளேயே ஓட "ப்ளேஸ்இன்லைன்" பண்பும் தேவை. ஜாவாஸ்கிரிப்ட் வழியாக ஓட்டுபவர்கள், "ப்ளே" செயற்கூறு ஒரு ப்ராமிஸை (பின்னர் நிறைவேறும் அல்லது மறுக்கப்படும் விடையை) திருப்பித் தருகிறது என்பதை மறந்துவிடுகிறார்கள். அது மறுக்கப்பட்டால் இயக்கு பொத்தானைக் காட்டுவது உங்கள் பொறுப்பு.

யூடியூப் வீடியோவை ஐஃப்ரேமில் (பிற பக்கத்தை உள்ளே காட்டும் சட்டகத்தில்) வைத்தேன். இணைப்பு மறுக்கப்பட்டது என்று வருகிறது.

முகவரிப் பட்டையில் தெரியும் முகவரியை அப்படியே ஒட்டியிருப்பீர்கள். அந்தப் பக்கம் பிற தளங்களின் சட்டகத்துக்குள் திறக்க அனுமதிப்பதில்லை. "பகிர்" பொத்தானுக்குள் "உட்பொதி" என்று கொடுக்கப்படும் முகவரி வேறு. அதையே பயன்படுத்த வேண்டும். அதன் பிறகும் ஓடவில்லை என்றால், வீடியோவின் உரிமையாளர் பிற தளங்களில் காட்டுவதை நிறுத்தி வைத்திருக்கலாம். அதை உங்கள் பக்கத்திலிருந்து மாற்ற வழியில்லை. முழுத்திரை, தானியங்கு ஓட்டம் போன்றவற்றுக்கு ஐஃப்ரேமின் "அலவ்" பண்பில் அனுமதி தரப்பட்டிருக்க வேண்டும். அகலத்தை 100 விழுக்காடாகவும் சிஎஸ்எஸ்ஸில் விகிதத்தை 16/9 ஆகவும் வைத்தால் சிறிய திரையிலும் பெட்டி சிதையாது. ஒரே பக்கத்தில் பல ஐஃப்ரேம்கள் இருந்தால் "லோடிங்" பண்பை "லேசி" என்று வைப்பது பக்கத்தின் வேகத்தைக் காப்பாற்றும்.

ஒரு மணி நேர வீடியோ. ஒரே எம்பி4 கோப்பாக வைக்கலாமா?

வைக்கலாம், ஆனால் கணக்கைப் பாருங்கள். விநாடிக்கு 2.5 மெகாபிட் என்ற மிதமான வீதத்திலேயே ஒரு மணி நேரம் ஏறக்குறைய 1.1 ஜிபி ஆகிறது. வேகம் குறைந்த இணைப்பில் இருப்பவருக்கு அது நின்று நின்று ஓடும். வேகமான இணைப்பில் இருப்பவருக்கு மேலும் நல்ல தரம் கிடைத்திருக்கலாம். இதற்காகத்தான் வீடியோவைப் பல தரங்களில், சில விநாடித் துண்டுகளாக வெட்டி, ஒரு பட்டியல் கோப்போடு வைக்கும் முறைகள் வந்தன. 2009இல் ஆப்பிள் கொண்டுவந்த எச்எல்எஸ் ஒன்று. டேஷ் என்ற பன்னாட்டுத் தரம் இன்னொன்று. பார்ப்பவரின் இணைய வேகத்துக்கேற்ப பிளேயர் தரத்தை மாற்றிக்கொள்ளும்.

சஃபாரி எச்எல்எஸ்ஸை நேரடியாக ஓட்டும். மற்ற உலாவிகளுக்காக எச்எல்எஸ்.ஜேஎஸ் போன்ற நூலகம், துண்டுகளைத் தானே இறக்கி, மீடியா சோர்ஸ் என்ற உலாவி வசதியின் வழியாக ஊட்டுகிறது. ஐபோனில் இந்த வசதி ஐஓஎஸ் 17.1 வரை இல்லாததால், பழைய ஐபோன்களுக்கு டேஷ் மட்டும் வைத்திருப்பவர்களின் வீடியோ ஓடாது. எச்எல்எஸ்ஸைத் தேர்ந்தெடுத்தால் அந்தக் கவலை இல்லை. ஐந்து நிமிடத்துக்குக் குறைந்த வீடியோவுக்கு இந்த ஏற்பாடெல்லாம் வீண் சுமை.

சப்டைட்டில் கோப்பைச் சேர்த்தும் எழுத்துகள் வரவில்லை.

சப்டைட்டிலைச் சேர்க்கும் ட்ராக் டேக் வெப்விடிடி வடிவத்தை மட்டுமே ஏற்கும். எஸ்ஆர்டி கோப்பை ஏற்காது. இரண்டும் பார்வைக்கு ஒன்று போலிருந்தாலும், வெப்விடிடியின் முதல் வரியில் அதன் பெயர் பெரிய எழுத்துகளில் இருந்தாக வேண்டும். மில்லிவிநாடிக்கு முன் எஸ்ஆர்டியில் காற்புள்ளி, இங்கே புள்ளி. கோப்பு யூடிஎஃப்-8 குறியாக்கத்தில் இருக்க வேண்டும். பழைய எழுத்துருக் குறியாக்கத்தில் தட்டச்சிட்ட தமிழ் வரிகள் குப்பையாகத்தான் தெரியும். சப்டைட்டில் கோப்பு வேறு தளத்தில் இருந்தால் வீடியோ டேக்கில் "கிராஸ்ஆரிஜின்" பண்பு வேண்டும். ஆனால் அதைச் சேர்த்த உடனே வீடியோ கோப்புக்கும் அதே விதி பொருந்தும் என்பதால், வேறு தளத்தில் இருக்கும் வீடியோவுக்கு அந்தச் சர்வர் அனுமதித் தலைப்பை அனுப்பாவிட்டால், அதுவரை ஓடிக்கொண்டிருந்த வீடியோவும் நின்றுவிடும்.

எங்கள் தளத்தின் பழைய பக்கங்களில் ஆப்ஜெக்ட், எம்பெட் டேக்குகளோடு ஃப்ளாஷின் எஃப்எல்வி, விண்டோஸ் மீடியாவின் டபிள்யூஎம்வி கோப்புகள் நூற்றுக்கணக்கில் உள்ளன. எல்லாவற்றையும் மறுபடி சுருக்க வேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல. மறுசுருக்கம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் தரத்தைத் தின்னும், நேரத்தையும் தின்னும். பிற்கால எஃப்எல்வி கோப்புகள் பலவற்றில் எச்.264 வீடியோவும் ஏஏசி ஒலியுமே இருக்கின்றன. அத்தகையவற்றுக்கு எஃப்எஃப்எம்பெக்கின் "காப்பி" முறையில் தடங்களைத் தொடாமல் கொள்கலனை மட்டும் எம்பி4ஆக மாற்றினால் போதும். ஒரு கோப்புக்குச் சில விநாடிகள் ஆகும், தரம் அப்படியே இருக்கும். குயிக்டைமின் எம்ஓவி கோப்புகளிலும் பலவேளை இதுவே நிலை. முற்கால எஃப்எல்வி, டபிள்யூஎம்வி, ரியல்மீடியா கோப்புகளை மட்டும் மறுசுருக்கம் செய்தாக வேண்டும். மாற்றிய பிறகு மூலக் கோப்புகளை அழித்துவிடாதீர்கள். அடுத்த மாற்றத்தை நகலிலிருந்து செய்தால் தரம் மேலும் குறையும்.

பார்ப்பவர்கள் வீடியோவைப் பதிவிறக்காமல் தடுக்க முடியுமா?

பொத்தானை மறைக்கலாம், வலச் சொடுக்கைத் தடுக்கலாம். கோப்பு அவர்களுடைய கணினிக்கு வந்துதான் ஓடுகிறது என்பதால் இவை வெறும் திரைச்சீலைகள். கட்டணத் திரைப்படத் தளங்கள் பயன்படுத்தும் மறையாக்க முறை உண்டு. ஆனால் அதற்கு வைட்வைன், ஃபேர்ப்ளே, ப்ளேரெடி என்று உலாவிக்கு உலாவி வெவ்வேறு அமைப்புகளும் உரிமச் சர்வரும் தேவை. சிறிய தளத்துக்கு அது தாங்காது.

"பிழைக் குறியீடு 4" என்று வருகிறது. கோடெக் பிரச்சினைதானே?

அப்படித்தான் நானும் ஒருமுறை முடிவுகட்டி, ஒரு கோப்பை மூன்று விதமாக மறுசுருக்கம் செய்து ஒரு பிற்பகலைத் தொலைத்தேன். கோப்பின் பெயரில் ஓர் எழுத்து தவறு. சர்வர் வீடியோவுக்குப் பதிலாக "பக்கம் இல்லை" என்ற எச்டிஎம்எல் பக்கத்தை, அதுவும் 200 என்ற வெற்றிக் குறியீட்டோடு, அனுப்பிக்கொண்டிருந்தது. உலாவி தரும் இந்தப் பிழைக் குறியீடுகளில் 2 என்பது இறங்கும்போது இணைப்பு அறுந்தது. 3 என்பது டிகோடர் பாதியில் தடுமாறியது. 4 என்பது கோப்பு கிடைக்காததற்கும் வடிவம் புரியாததற்கும் பொதுவானது. உலாவியின் உருவாக்குநர் கருவிகளில் நெட்வொர்க் பகுதியைத் திறந்து, அந்தக் கோரிக்கையின் நிலைக் குறியீடு, உள்ளடக்க வகை, அளவு ஆகிய மூன்றையும் பார்த்த பிறகே கோடெக்கைச் சந்தேகியுங்கள். பல மெகாபைட் வர வேண்டிய இடத்தில் சில கிலோபைட் மட்டும் வந்திருந்தால், வந்தது வீடியோவே அன்று.